நன்மை தீமையின் அளவுகோல்: ஆங்கிலப் பெயரடைகளின் சமூக அடிப்படை

ஆங்கில மொழியிலே நன்மை தீமைகளின் ஏற்றத்தாழ்வை உணர்த்தும் பெயரடைகள் மிகப் பல. சிறுவரின் குறும்பைச் சுட்டும் 'நோற்றி' தொடக்கம், தகாமையைச் சுட்டும் 'இம்புரொப்பர்', தவற்றைச் சுட்டும் 'ரோங்', கொடுமையைச் சுட்டும் 'விக்கெட்' ஆகியவற்றினூடாகத் தீமையின் எல்லையைச் சுட்டும் 'ஈவில்' ஈறாக அவற்றை ஓர் ஏணியின் படிகளாக அடுக்கிக் காட்டலாம். இவ்வாறு அடுக்குவது பயனற்றது என்று நாம் கூறவில்லை. ஆயின், அவ்வேணி எந்த நிலத்தில் ஊன்றப்பட்டுள்ளது என்ற வினா போதிய அளவு எழுப்பப்படுவதில்லை.

1944இல் வெளியான எட்வேட் சப்பீரின் கட்டுரையொன்று, நல்லது, கெட்டது முதலிய சொற்கள் யாதேனும் ஒரு நியமத்தை உள்ளடக்கியே தரப்படுத்துகின்றன என்பதைத் தெளிவுபடுத்தியது. ஆர். எம். ஹெயர் 1952இல் வெளியிட்ட நூலில், 'குட்' என்ற சொல்லின் முதன்மைப் பணி பாராட்டிப் பரிந்துரைத்தலே என வாதிட்டார். இவை பயனுள்ள முடிபுகளே. எனினும், அந்நியமம் எவருடையது, பரிந்துரைப்போர் எவர் என்ற வினாக்களுக்குச் சொல்லாராய்ச்சி மாத்திரம் விடைதர இயலாது. சமூக வரலாற்றை நோக்கியே நாம் செல்லவேண்டியுள்ளது.

சொற்களின் பிறப்பை நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படும். உயர்குணத்தைச் சுட்டும் 'நோபிள்', 'ஜென்ரில்', 'ஜெனரஸ்' ஆகிய மூன்றும் முதலில் உயர்குடிப் பிறப்பைச் சுட்டியவை. இழிகுணத்தைச் சுட்டும் 'மீன்' பொதுவானது என்றும், 'பேஸ்' தாழ்ந்தது என்றும், 'வல்கர்' பொதுமக்களுக்குரியது என்றும் பொருள்பட்டவை. இன்று காமக் கீழ்மையைக் குறிக்கும் 'லூட்' குருமார் அல்லாத பாமரரையே ஒருகால் குறித்தது. பண்ணையில் உழைத்த குடியானவனின் பெயரே 'வில்லன்' ஆயிற்று. நமது திரைப்படங்களில் வரும் கொடியவன் தாங்கிநிற்பது நிலமானிய ஐரோப்பாவின் உழவனது பெயர் என்பது பலரும் அறியாத செய்தி. ஒழுக்கச் சொற்களின் தோற்றத்தில் பிறப்புநிலை மறைந்திருப்பதை நீட்சே 1887இலேயே கண்டார். ஆயின் அவர் அதனைப் பிரபுவின் மாடத்திலிருந்து நோக்கினார். வயலிலிருந்து நோக்குவோர்க்கு அதே வரலாறு உழைப்போர்மீது சுமத்தப்பட்ட பழியின் வரலாறாகத் தோன்றும்.

எனினும், சொற்கள் ஆளும் வர்க்கத்தின் கைக்கருவிகள் மாத்திரமே என்று கொள்வது இயந்திரப் பாங்கான பார்வையாகும். ஒரே சொல்லில் வெவ்வேறு வர்க்கங்களின் அழுத்தங்கள் மோதுகின்றன என்பதை வொலோஷினோவ் 1929இல் எடுத்துக்காட்டினார். 1381ஆம் ஆண்டு விவசாயிகள் கிளர்ச்சியின்போது, படைப்பின் தொடக்கத்தில் பிரபு என்றொரு பிரிவு இருந்ததில்லை எனப் போதித்தவர் ஜோன் போல். அக்கிளர்ச்சியைக் கண்ட தலைமுறையைச் சேர்ந்தவரான சோசர், பாத் நகரப் பெண்ணின் கதையில், மேன்மை பிறப்பாலன்றிச் செயலாலேயே வருவது என ஒரு கிழவியின் வாயிலாக உரைத்தார். சொல் அதுவே, அதன் உரிமையே வழக்குக்குள்ளாயிற்று.

முதலாளித்துவ சமூகத்தில் இவ்வழக்குப் புதிய வடிவம் பெறுகிறது. டிக்கன்ஸின் 'கிரேற் எக்ஸ்பெக்ரேஷன்ஸ்' (1860-61) நாவலில், எஸ்தெல்லாவின் ஏளனத்தைக் கேட்ட சிறுவன் பிப், தன் கைகள் முரடானவை என்றும் தான் 'கொமன்' என்றும் வெட்கமுறுகிறான். அவன் எத்தவறும் செய்தானல்லன். உழைப்பாளர் வீட்டில் வளர்ந்தமையே குற்றமாகின்றது. நாவல் இறுதியில் உண்மையான பண்பைக் கொல்லன் ஜோவுக்கே உரியதாக்குகிறது. இது டிக்கன்ஸின் மனிதாபிமானம். ஆயின் பட்டம் கைமாறிற்றேயன்றி, கொல்லுலையும் சொத்துறவும் இருந்தபடியே இருக்கின்றன. இது அவரது எல்லை. 'தகுதியுள்ள' வறியோர், 'தகுதியற்ற' வறியோர் எனப் பகுத்த விக்டோரியாக் காலத்துப் பெயரடைகளை, 1913இல் முதன்முதலாக மேடையேறிய 'பிக்மேலியன்' நாடகத்தில் பேர்னாட் ஷா எள்ளிநகையாடினார். தகுதியற்ற வறியவன் எனத் தன்னைத் தானே அறிவிக்கும் டூலிற்றில், அளவுகோலைப் பிடித்திருக்கும் கையையே சுட்டிக்காட்டுகிறான்.

இவ்வளவுகோலின் அரசியலை 1919 ஏப்ரல் 13இல் அமிர்தசரசில் நிகழ்ந்த படுகொலை பற்றிய ஆங்கிலச் சொற்கள் தெளிவாக உணர்த்தும். அரசாங்கக் கணக்கின்படியே 379 பேர் மாண்டனர். ஹன்ரர் குழுவின் பெரும்பான்மையோர், டயர் நெடுநேரம் தொடர்ந்து சுட்டமையைப் பாரதூரமான பிழை என மதிப்பிட்டனர். பெயரடை கடுமையானது, பெயரோ கணக்கில் நேரும் வழுவுக்கும் பொருந்துவது. 1920 ஜூலையில் பொதுச்சபையில் பேசிய சேர்ச்சில், அந்நிகழ்ச்சியை 'மொன்ஸ்ரஸ்' என வருணித்தார். ஏணியின் உச்சிப்படி அது. ஆயின், அது முன்னுதாரணமற்றது, தனித்து நிற்பது என்றும் அவரே கூறினார். அரக்கத்தனமானது விதிவிலக்காகின்றது; விதிவிலக்கின் மீது பழி விழ, பேரரசு தூய்மையடைகின்றது. கடுஞ்சொல்லும் காப்பரணாகலாம் என்பது இதனாற் பெறப்படும். அதே மாதம் பிரபுக்கள் சபை டயருக்கு ஆதரவாகவே வாக்களித்தது. நூற்றாண்டு நிறைவை ஒட்டி 2019இல் பிரதமர் தெரேசா மே அதனை வெட்கத்துக்குரிய வடு என்றார். ஆழ்ந்த வருத்தமும் தெரிவித்தார். முழுமையான மன்னிப்பைக் கோரவில்லை.

ஆகவே, ஆங்கில இலக்கியத்தைக் கற்போரும் மொழிபெயர்ப்போரும் ஒரு பெயரடையின் வலிமையை அளப்பதோடு அமையலாகாது. அதனைச் சொல்பவர் எவர், எவர்மீது சொல்கிறார், அது எதனை வெளிப்படுத்தி எதனை மறைக்கிறது என்பனவும் ஆராயப்படல் வேண்டும். 'வல்கர்' என்பதைக் 'கீழ்த்தரமான' என்று பெயர்க்கும்போது, ஒரு சமூகத்தின் படிநிலையை இன்னொரு சமூகத்தின் படிநிலையாற் பெயர்க்கிறோம். ஈழத்தில் 1960களில் ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சும் வாழ்வும் எழுத்தில் இடம்பெற்றபோது 'இழிசனர் வழக்கு' என்ற பழிச்சொல் எழுந்தமை இங்கு மனங்கொள்ளத்தக்கது. அன்று முற்போக்கு எழுத்தாளர் அச்சொல்லின் அளவுகோலையே மறுத்தனர். அம்மறுப்பே ஆங்கிலப் பெயரடைகளைப் பயில்வோர்க்கும் உகந்த தொடக்கமாகும் என்பது நமது துணிபு.