சேனாதிபதி களத்தில் இறங்கியபோது

'ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக்' என்ற கணினி யுத்த விளையாட்டின் மூன்றாம் பாகத்தில், வாரத்தின் முதல் நாள் விடிந்ததும், இது அணில் வாரம் அல்லது இன்ன பிராணியின் வாரம் என்று ஜோசியர்கள் பிரகடனம் செய்ததாக ஓர் அறிவிப்பு திரையில் தோன்றும். வாரபலனில் ஊறிய நமக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் அந்த ஆட்டத்தின் பிராணனே அந்த நாளில்தான் இருந்தது. கோட்டைகளில் புதிய படை பிறப்பது அன்று ஒரு நாள் மட்டுமே என்பதால், ஆறாம் நாளும் ஏழாம் நாளும், தொலைவில் தென்படும் கந்தகச் சுரங்கத்தைக் கைப்பற்றப் போவதா, அல்லது கோட்டைக்குத் திரும்பி 3,000 பொன் கொடுத்து ஒரு தேவதூதனைச் சேனையில் சேர்ப்பதா என்று ஆடுபவர் மனம் ஊசலாடிக்கொண்டே இருக்கும்.

ஜான் வான் கேனகெமின் நியூ வேர்ல்ட் கம்ப்யூட்டிங் நிறுவனம் உருவாக்கி 1999-இல் வெளிவந்த அந்த ஆட்டத்தில், சேனாதிபதி குதிரைமேல் அமர்ந்து யுத்தகளத்தின் ஓரத்தில் நிற்பாரேயன்றி வாளெடுத்துப் போரிடமாட்டார். சுற்றுக்கு ஒரு மந்திரம் ஏவுவதும், தம் தேர்ச்சியால் வீரர்களின் பலத்தைக் கூட்டுவதுமே அவர் கடமை. படை அழிந்தால் அவர் பாடும் முடிந்தது. படை இருக்கும்வரை அவரை யாரும் தீண்டமுடியாது. இந்த ஏற்பாடு யதார்த்தத்துக்குப் பொருந்தாது என்று வாதிடலாம். விளையாட்டுக்குப் பொருந்தியது என்பதே அதற்குப் போதுமான நியாயம்.

2002-இல் நான்காம் பாகம் வந்தது. சேனாதிபதி களத்தில் இறங்கினார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்று பலரும் சொல்லும் அந்தப் பாகத்தைச் சோம்பேறிகளின் கைவேலை என்று நான் சொல்லமாட்டேன். பழைய சம்பிரதாயத்தைத் துணிந்து உடைத்தவர்களின் கைவேலை அது. ஆனால் அந்த ஒரு மாற்றம் ஆட்டத்தின் விகிதாசாரம் முழுவதையும் கலைத்துவிடும் என்பதை அவர்கள் போதிய அளவு சோதித்துப் பார்க்கவில்லை. ஆட்டம் தொடங்கிய சில நாட்களில், வழியில் நிற்கும் ஓநாய்க் கூட்டத்தோடு ஒரு சிறு சண்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சிப்பாய்கள் வென்றுவிடுவார்கள். ஆனால் ஓநாய்கள் முதலில் பாய்வது அந்தக் கத்துக்குட்டிச் சேனாதிபதியின் மேல்தான். வெற்றிவாகை சூடிய படை அவருடைய சவத்தைச் சுமந்துகொண்டு, உயிர்ப்பிப்பதற்காக வந்த வழியே ஊர் திரும்பும். சரி, பொறுமையாக வளர்த்து ஆளாக்கினால் என்ன ஆகும்? போர்த்தொழிலில் உச்சம் எய்திய அதே மனிதர், இறந்தாலும் எழவைக்கும் அமுத மருந்துக் குப்பிகள் சிலவற்றை இடுப்பில் செருகிக்கொண்டு, துணைக்கு ஒரு சிப்பாயும் இல்லாமல் பெரும் சேனைகளைத் தனியாகவே துவம்சம் செய்வார். முதலில் படை அவரைச் சுமக்கிறது. பின்பு படையே வேண்டியிருக்கவில்லை. இடையில், இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாக நிற்கும் அந்தச் சுவையான பருவம், முந்தைய பாகத்தில் ஆட்டம் முழுவதும் நீடித்தது, இதில் கண்மூடித் திறப்பதற்குள் கடந்துபோகிறது.

வாரத்தின் முதல் நாளும் போயிற்று: படைகள் தினந்தோறும் சிறிது சிறிதாகப் பெருகத் தொடங்கியதால், ஏழாம் நாளின் அவசரத்துக்கு இடமில்லாமல் போனது. எட்டு நகரங்கள் ஆறாகச் சுருங்க, நரகத்துப் பிசாசுகளும் மயானத்து எலும்புக்கூடுகளும் ஒரே கூரையின்கீழ்க் குடித்தனம் நடத்த நேர்ந்தது. எதிரியாக ஆடும் கணினியோ மகா மந்தம். பலர் சேர்ந்து ஆடும் வசதியும் வெளியான நாளில் இல்லை, பிறகுதான் வந்தது. இந்த அரைவேக்காட்டுக்குக் கலைஞர்களை மட்டும் குறை சொல்வது தகாது. வெளியீட்டாளரான 3டிஓ கம்பெனி அப்போது பணமுடையில் தத்தளித்துக்கொண்டிருந்தது. 2003 மே மாதம் அது திவாலாகவே, இந்தத் தொடரின் உரிமை 13 லட்சம் டாலருக்கு யூபிசாஃப்ட் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. (பால் ரோமெரோவும் அவர் சகாக்களும் அமைத்த சங்கீதத்தில் மட்டும் அந்த வறுமையின் சாயல் சிறிதும் இல்லை. ஆட்டத்தை நிறுத்திவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்த மாலைகள் எனக்கு உண்டு.)

அதன்பின் வந்தவை வேறு ஜாதி. ருஷ்யாவின் நிவால் நிறுவனம் 2006-இல் செய்த ஐந்தாம் பாகம் சேனாதிபதியை மறுபடியும் களத்தின் ஓரத்துக்கு அனுப்பியது; கௌரவமான ஆட்டம், ஆனால் புதிதாகச் சொல்ல அதனிடம் அதிகம் இல்லை. 2011-இல் வந்த ஆறாம் பாகம் பொன், பாதரசம், கந்தகம் என்றிருந்த ஏழு செல்வங்களை நான்காகக் குறைத்து, சுரங்கங்களுக்காகப் போராடும் ருசியையும் குறைத்துவிட்டது. தவறுகளில் தரம் பிரிப்பதானால், வகையறியாமல் துணிந்த நான்காம் பாகத்துக்கே என் வோட்டு.

2015-ஆம் ஆண்டு யூபிசாஃப்ட் இரண்டு சரக்குகளைக் கடைக்கு அனுப்பியது: ஜனவரியில், பழைய மூன்றாம் பாகத்தின் சித்திரங்களைத் துலக்கிய பதிப்பு, செப்டம்பரில், பிழைகள் மலிந்த ஏழாம் பாகம். இவற்றில் எதை வாங்கலாம் என்று கேட்கும் வாசகருக்கு இரண்டையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். துலக்கிய பதிப்பில் மூலத்தின் இரண்டு விரிவாக்கங்களும் விடுபட்டுப் போயின. அவை இரண்டும் அடங்கிய பழைய முழுத் தொகுப்பையே வாங்கி, துலக்காத சித்திரங்களோடு ஆடுங்கள்.