கறையா, உரிமையா?

பிளவக்கல் அணையின் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து தோப்புகளின் ஊடே தனித்து நடந்து வரும் மாணவியர்க்குப் பாடம் சொல்லும் ஆசிரியர் நாம். நாளை அவர்கள் படிக்கப்போகும் இலக்கியம் அவர்களுக்கு எந்தத் துணிவைத் தருகிறது? இந்தக் கேள்வியோடுதான் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' கதையை மீண்டும் படித்தோம்.

1966-இல் ஆனந்த விகடனில் வெளிவந்து புயலைக் கிளப்பிய கதை அது. மழையில் நின்ற கல்லூரி மாணவியைக் காரில் ஏற்றிச் சென்று கெடுக்கிறான் ஒரு செல்வன். வீடு திரும்பிய மகளின் தலையில் நீர் வார்த்து, "நீ தூயவள்" என்று ஏற்கிறாள் தாய். பழமை கொதித்தது! நாம் அந்தத் தாயின் பக்கமே. ஆயினும் கேட்கிறோம்: கழுவுவதற்குக் கறை எங்கே இருந்தது? வைதவர்கள் கறை என்றனர். வாழ்த்தியவர்கள் கறை போயிற்று என்றனர். கறைபட்டவனோ காரோட்டிப் போய்விட்டான்!

சட்டமோ வேறு பேசுகிறது. வன்புணர்ச்சிக்கு எதிராகத் தற்காத்துக்கொள்கையில் தாக்கியவன் உயிரே போனாலும் குற்றமில்லை என்று 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 100-ஆவது பிரிவு கூறிற்று. 2024 சூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அதுவே 38-ஆவது பிரிவு. பிறரைக் காக்கவும் இவ்வுரிமை உண்டு. 2012-இல் மதுரையில், மகளைச் சீரழிக்க முயன்ற கணவனை மட்டையால் அடித்துக் கொன்ற தாயை, இப்பிரிவைக் காட்டியே விடுவித்தார் காவல் கண்காணிப்பாளர் அஸ்ரா கார்க். 2021-இல் திருவள்ளூர் மாவட்டத்தில், கத்தி காட்டி மிரட்டியவனின் கத்தியையே பறித்துக் குத்திய இளம்பெண்ணும் இப்பிரிவின்படியே விடுதலை பெற்றாள்.

பழிதீர்க்க வந்த சட்டமன்று இது. தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்தலாகாது. ஆபத்து நீங்கிய பின் ஓங்கும் கைக்கு அது அரணாகாது. மற்றொன்றும் மறவாதீர், தோழர்களே: இது உரிமை, கடமையன்று. அச்சத்தால் உறைந்து நின்றவளை நோக்கி, "ஏன் எதிர்க்கவில்லை?" என்று கேட்பவன், பழைய கறையைப் புதிய தூரிகையால் பூசுகிறான்.

அன்றைய தாய் நீர் வார்த்தாள்; அதுவே அன்று புரட்சி. இன்றைய எழுத்தாளர் அதற்கு அடுத்த படியை எழுதட்டும். குளித்தெழும் மகளிடம், "வா, காவல் நிலையம் போவோம்" என்று கைப்பிடித்து அழைக்கும் தாயை எழுதட்டும். அந்தக் கதையை வகுப்பறையில் உரக்கப் படிக்க நாம் காத்திருக்கிறோம்.