மேடையில் சொன்னதும் அறையில் சொல்லாததும்

ஆண்கள் இருவரின் நேசத்தைப் பழைய காலத்தில் வைத்துச் சொல்வது ஜப்பானியச் சித்திரக்கதையான மங்காவில் நெடுநாள் வழக்கம். 1970களில் ஹாகியோ மோத்தோவும் தகேமியா கெய்கோவும் அதற்காக ஐரோப்பிய விடுதிப் பள்ளிகளைத் தேடிப் போனார்கள். குமோதா ஹாருகோ 2010இல் தொடங்கி 2016இல் முடித்த ‘ஷோவா கென்ரோகு ராகுகோ ஷின்ஜூ’ உள்ளூரிலேயே, போர்க்காலத்துக்கும் அதன் பிறகான தோக்கியோவுக்கும் வந்தது. ஆண்-ஆண் காதல் கதை என்ற முத்திரையோடு அது வெளிவரவில்லை. ஆனால் அவ்வகைக் கதைகளில் பழகிய கை என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது.

ராகுகோ ஒற்றை ஆள் கதைசொல்லல். மெத்தையில் மண்டியிட்டு, விசிறியும் கைத்துண்டும் மட்டும் வைத்துக்கொண்டு எல்லாப் பாத்திரங்களையும் ஒருவரே பேசுவார். ஒரே நாளில் ஒரே குருவிடம் சேரும் இரண்டு பையன்களில் கிகுஹிகோ இறுக்கமானவன். சுகெரோகு கூட்டத்தைக் கண்டாலே மலர்பவன். ஒரே அறை, ஒரே பசி. அந்த அறையில் கிகுஹிகோ வாய் திறப்பதில்லை. மேடையேறினால் தாசிகளின் குரலில் கொஞ்சவும் ஏங்கவும் அவனால் முடிகிறது. அச்சுப் பக்கத்தில் ஒலி இல்லை. தலை இடமிருந்து வலம் திரும்பும் கோணத்திலும் விரல் நுனியிலும் குமோதா அந்தக் குரலை வரைந்துவிடுகிறார். அவனுடைய மௌனம் கலையிலிருந்தே பிறப்பதால் நம்பமுடிகிறது. இந்தப் படைப்பின் பெரிய பலம் இதுதான்.

வரலாறும் இங்கே வெறும் திரைச்சீலையாக நிற்கவில்லை. 1941இல் ராகுகோ கலைஞர்கள் தாங்களே 53 கதைகளைப் போர்க்காலத்துக்கு ஒவ்வாதவை என ஒதுக்கி, அசகுசாவில் ஒரு கோயிலில் சின்னம் நிறுவிப் ‘புதைத்தார்கள்’. பரத்தையர் தெருக் கதைகளும் கள்ளக் காதல் கதைகளும் அதில் அடங்கும். மங்காவில் குருவும் சுகெரோகும் படையினரை மகிழ்விக்க மஞ்சூரியா போய்விட, ஊரிலேயே தங்கிவிடும் கிகுஹிகோ, சுகெரோகு உயிரோடிருக்கிறானா என்றுகூடத் தெரியாமல் காத்திருக்கிறான். போர் இல்லாமல் இந்தக் காதல் இந்த வடிவம் பெற்றிருக்காது.

ஆனால் மௌனத்துக்குக் காலத்தைச் சாக்காக்கும் இடங்களும் உண்டு. அன்றைய ஜப்பானில் இந்த உறவைக் குற்றமாக்கும் சட்டம் இல்லை. ஆண்மீது ஆசை கொள்ளும் ஒருவனைப் பற்றிய மிஷிமாவின் நாவல் ‘முகமூடியின் ஒப்புதல்’ 1949லேயே வந்துவிட்டது. 1952இல் ‘அதோனிஸ்’ என்ற தன்பாலீர்ப்பு ஆண்களுக்கான இதழ் உறுப்பினர்களிடையே சுற்றியது. இவற்றின் சாயல்கூட மங்காவுக்குள் இல்லை. இவர்களைப் போன்ற மூன்றாவது ஆண் ஒருவன் அந்த மாநகரில் இல்லவே இல்லை என்பதுபோல் கதை நகர்கிறது. ஆண்-ஆண் காதல் மங்காக்கள் அப்படி வாழும் நிஜ ஆண்களைக் கண்டுகொள்வதில்லை என்று 1992இல் தன்பாலீர்ப்புச் செயற்பாட்டாளர் சத்தோ மசாகி தொடுத்த குற்றச்சாட்டு முழுக்கப் பொருந்தாவிட்டாலும், கொஞ்சம் உறுத்துகிறது.

அதைவிட உறுத்துவது மியோகிச்சி. கிகுஹிகோவை விரும்பிக் கைவிடப்பட்டு, சுகெரோகோடு சேர்ந்து, கடைசியில் அவனோடு சாகிறாள். இரண்டு ஆண்களைப் பிரிக்க ஒருத்தி தேவை, ஒருவனை முடிக்கவும் ஒருத்தி தேவை. அந்த வேலைக்கு அவளை வைத்தாயிற்று. அவள் மகள் கொனாத்சுவை ராகுகோ மேடை ஏற்றி ஆசிரியர் ஓரளவு கடனடைக்கிறார். நிஜத்தில் பெண்கள் முதன்முதலாக அத்துறையின் உயர்நிலையான ஷின்உச்சி ஆனது 1993இல்தான் என்பதால் அது சின்ன விஷயமில்லை.

பிறகு அதே கொனாத்சுவின் குழந்தைக்கு அவளை வளர்த்த கிகுஹிகோவே தகப்பனாக இருக்கலாம் என்று இறுதித் தொகுதியில் ஒரு கோடி காட்டல். ஆமென்றும் இல்லையென்றும் சொல்லாமல் கதை முடிகிறது. அதுவரை மௌனத்துக்கு ஒரு காரணம் இருந்தது. இங்கே அது வாசகரைச் சீண்டும் உத்தி மட்டுமே. ஒரு பெண்ணின் வாழ்க்கையை வைத்துச் செய்த சீண்டல்.