காட்டுச்சேவலின் கழுத்திறகு

சால்மன் மீன் புனேயின் கட்கிப் பக்கம் கிடையாது. ஆனால் அதை ஏய்க்கும் இறகு சஹ்யாத்ரிக் காட்டுக்காரன்: சாம்பல் காட்டுச்சேவலின் கழுத்திறகு. நுனியில் அரக்குச் சொட்டு இறுகியதுபோல் வெண்மஞ்சள் புள்ளி மினுங்கும். ஸ்காட்லாந்தில் தூண்டில்முள்ளில் பட்டுநூல் சுற்றிப் பொய்ப்பூச்சி கட்டுபவர்கள் அதை இருபுறமும் பதிப்பார்கள், கண்ணாக. போலி இறகுகளும் உண்டு. எனக்கு அவை உயிரற்றவை. ஆனாலும் பறவைக்கு அவையே நல்லது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இங்கே அதைக் காக்கிறது. வெளிநாட்டில் இறகுக்காகவே வளர்க்கிறார்கள்.

கட்கியை ஒட்டி ஓடும் முளா, முட்டாவுடன் சேர்ந்து முளா-முட்டா ஆகிறது. தக்காண மஹசீரைக் கர்னல் சைக்ஸ் 1839-இல் விவரித்தது அந்த ஆற்று மீனை வைத்துத்தான். பொய்ப்பூச்சிக்கும் வாய் திறக்கும்; கவ்வினால் நூலை உருவிக்கொண்டு ஓடும். நகரக் கழிவு கலந்த இன்றைய முளாவில் தூண்டில் போடுவது வீண். ஆனால் லோனாவளாவில் டாடா பவர் மஹசீர்க் குஞ்சு பொரிக்கவைத்து ஏரிகளில் விடுகிறது.