ஏபிள்டன் லைவ்: வார்ப் வசதி

பெர்லினில் உருவாகி 2001-ல் வெளிவந்த ஏபிள்டன் லைவ் இசை மென்பொருளின் பெரும் பலம் ‘வார்ப்’. பதிவான ஒலித்துண்டைச் சுருதி மாறாமல் நீட்டியோ சுருக்கியோ பாட்டின் வேகத்துக்கு இது பொருத்துகிறது. மூலக்கோப்பு அப்படியே இருப்பதால் எந்த மாற்றத்தையும் நீக்கிவிடலாம். காந்த நாடாவை பிளேடால் வெட்டி ஒட்டியவர்களுக்கு இந்த நிம்மதி கிடையாது.

சிக்கல் திரையிலுள்ள சமக் கட்டங்களில் இருக்கிறது. டிரம்ஸின் ஓர் அடி சற்றுப் பிந்தி விழுந்தால், அது பிழையா, வாசிப்பவர் வேண்டுமென்றே கொடுத்த இழுப்பா என்று மென்பொருளுக்குத் தெரியாது. அலைவடிவத்தைக் கண்ணால் பார்த்தே ஒவ்வோர் அடியையும் கோட்டில் நிறுத்துபவர்களும் (புதியவர்கள் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறார்கள்) அதைக் கேட்பதில்லை. தாளம் சுத்தமாகிறது, ஆட்டம் போய்விடுகிறது. அதிகம் நீட்டிய குரலோ நடுங்கிக் கரகரக்கிறது. நாலைந்து தாளவட்டத்துக்கு ஒரு குறி வைத்து, இடைப்பட்டதை வாசித்தவர் போக்கிலேயே விடுவது நல்லது.