உச்சி வெயிலுக்கு ஏற்ற வண்ணம்

நிலக்காட்சியில் உணர்வைக் கொண்டுவர நம் நீர்வண்ண ஓவியர்கள் பெரும்பாலும் ஒரே முறையை நம்புகிறார்கள். தாளை நனைத்து, ஒரு சாயலை முழுக்க ஓடவிட்டு, தொலைவை நீலச் சாம்பலில் கரைப்பார்கள். இங்கிலாந்தின் ஈரக்காற்றில் வளர்ந்து, ஆங்கிலேயர் காலக் கலைக்கல்வியோடு இங்கே வந்த முறை இது.

அதன் பலம் உண்மையானது. சிதறிக் கிடக்கும் மரத்தையும் கூரையையும் வானத்தையும் ஒரே சாயல் ஒன்றாகக் கட்டிவிடுகிறது. 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்த கே.சி.எஸ். பணிக்கர் தொடக்க காலத்தில் கேரள நிலக்காட்சிகளை நீர்வண்ணத்தில் வரைந்தார். அந்த நீருக்கும் பசுமைக்கும் இந்த ஊடகம் இயல்பாகவே பொருந்தியது.

திருப்பூர் அப்படிப்பட்ட நிலமல்ல. காங்கயம் பக்கத்துக் கொறங்காட்டில், அந்த மேய்ச்சல் நிலத்தில், சித்திரை நண்பகலில் நின்று பார்க்க வேண்டும். கிளுவை வேலிக்கு அப்பால் தொலைவு நீலமாவதில்லை, வெளிறிப்போகிறது. வெள்வேல மரத்தடியில் சுருங்கிய நிழல்கூடக் குளிர்ந்த நீலமல்ல. சுற்றியுள்ள செம்மண்ணின் ஒளியை வாங்கிச் செம்பழுப்பாகவே இருக்கும். இதன்மேல் மூடுபனிச் சாயலைப் பூசினால் படம் அழகாக வரும், ஊர் காணாமல் போகும். அதனால்தானோ என்னவோ பலரும் விடியலையும் அந்தியையும் மட்டும் தேடுகிறார்கள். நண்பகலைத் தவிர்ப்பது இந்நிலத்தின் முக்கால் வாழ்வைத் தவிர்ப்பதாகும்.

இவ்வூர்ச் சாயப்பட்டறையில் ஷேடு பார்ப்பவரிடம் ஓவியர் கற்க நிறைய உண்டு. லைட் பாக்ஸில் பகலொளிக்கான டி 65 விளக்கில் ஒத்துப்போன இரண்டு துணிகள், கடை வெளிச்சத்துக்கான டி.எல். 84-இல் வேறுவேறாகத் தெரியலாம். எந்த ஒளியில் பார்த்தது என்று சொல்லாமல் அங்கே நிறத்தைப் பற்றிப் பேசவே முடியாது.

இவ்வூரின் நொய்யல் ஆற்றை வரையும்போது, நனைத்த தாளில் சாயலை ஓடவிடும் முறையின் குறை இன்னும் கனக்கிறது. ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி உழவர்கள் போராடியதும், 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் இந்த ஆற்றின் வரலாறு. 1899 முதல் 1901 வரை லண்டனில் வரைந்த பிரெஞ்சு ஓவியர் மோனே, நிலக்கரிப் புகை கலந்த மூடுபனியையே பொருளாக எடுத்துக்கொண்டார். புகையை அவர் மறைக்கவில்லை. சாயம் கலந்த நீரை அந்தி வானத்தின் சிவப்போடு குழைத்துவிடுகிற ஓவியம் மறைக்கிறது. தெளிந்த நீர் வானத்தின் நிறத்தை ஏந்தும், சாயநீரோ தன் நிறத்தையும் சேர்த்தே காட்டும். அந்த இடத்தில் தூரிகையை உலரவைத்து, வானத்தின் நிறம் நீருக்குள் ஓடாதபடி விளிம்பைக் கூர்மையாக நிறுத்துவதே நேர்மையான வேலை.