மூச்சை அடக்கினால் வெள்ளி எழும்

வெள்ளி கலந்த கண்ணாடிக் குச்சியை ஒரே ஒரு தடவை சுடரில் உருக்கிப் பாருங்கள். அதன் பிறகு வேறு கண்ணாடியில் மனம் நிற்காது, சத்தியமாகச் சொல்கிறேன். கம்பியில் சுழலும் மணி அதுவரை பழுப்பா நீலமா என்று சொல்ல முடியாத ஒரு மங்கல் நிறத்தில் இருக்கும். சுடரை மாற்றிச் சில விநாடி காட்டியதும் அதன் தோல் முழுக்க உலோகமாகிவிடும். முதலில் ஓரத்தில் மினுக்கென்று ஒரு கோடு. பிறகு அது பரவி மணியையே வளைத்துக்கொள்ளும். மயில்கழுத்து நீலம், ரோஜா, பொன், எல்லாவற்றுக்கும் மேலே பளீரென்று வெள்ளி. வெளியிலிருந்து எதையும் பூசவில்லை. கண்ணாடிக்குள் கரைந்து கிடந்த வெள்ளியே மேலே ஏறி வந்திருக்கிறது. எத்தனை மணி செய்தாலும் அந்தக் கணத்தில் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

எனக்கு ஒரகடத்தில் வாகன உதிரிபாக ஆலையில் ஷிப்ட் வேலை. மணி செய்வது வாடகை வீட்டு மொட்டைமாடியில், மூன்று பக்கமும் திறந்த ஷெட்டில். இந்தக் கலைக்கு ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வட்டாரத்தைவிட நல்ல இடம் கிடையாது என்று யாரோடும் வாதாடத் தயார். மணியைச் சுற்றும் கம்பிக்கு என்ன வேண்டும்? ஆர்கான் வெல்டிங்குக்கு விற்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி, 1.6 மி.மீ.யிலும் 2.4 மி.மீ.யிலும் கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது. உருகிய கண்ணாடியை உருட்ட கிராஃபைட் பலகை வேண்டும்; அச்சு செய்யும் டூல்ரூம்களில் தேய்ந்த கிராஃபைட் துண்டுகள் ஏராளம். ஆக்சிஜன் சிலிண்டர், ரெகுலேட்டர், தெர்மோகப்பிள், சூளைக்கான செராமிக் ஃபைபர் எல்லாமே இந்தச் சாலையோரக் கடைகளில் அன்றாடச் சரக்கு. கண்ணாடிக் குச்சி மட்டும்தான் தூரத்திலிருந்து வரவேண்டும். சாதாரண நிறங்களுக்கு இத்தாலியின் முரானோ வழிவந்த எஃபெட்ரே. வெள்ளிக் கண்ணாடிக்கு அமெரிக்காவின் டபுள் ஹீலிக்ஸ். அதில் டிரைடன் என்ற குச்சிதான் என் உயிர்.

உலோகப் பளபளப்பின் சூட்சுமம் முழுவதும் ஆக்சிஜனைத் திருகும் குமிழில் இருக்கிறது. சுடரில் ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்வரை வெள்ளி அயனியாகக் கண்ணாடியோடு கலந்தே கிடக்கும், வெளியே தலைகாட்டாது. ஆக்சிஜனைக் குறைத்தால் எரிவாயு முழுதாக எரியாமல், சுடருக்குள் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் மிஞ்சும். அவை சூடான கண்ணாடியின் மேற்பரப்பைத் தொட்டதும் வெள்ளி அயனிகள் உலோக அணுக்களாக மாறி, ஒன்றோடொன்று சேர்ந்து, ஒளியைத் திருப்பி அடிக்கும் மெல்லிய படலமாகிவிடும். சுடரின் மூச்சை நாம் அடக்குகிறோம், வெள்ளி எழுகிறது!

செய்முறையை மனசாரச் சொல்லிவிடுகிறேன். கம்பியில் காவோலின் களிமண்ணும் அலுமினாவும் கலந்த பூச்சைத் தோய்த்துக் காயவையுங்கள்; அது இல்லாவிட்டால் மணி கம்பியைவிட்டு வராது. அடியில் கறுப்புக் கண்ணாடியைச் சுற்றி, அதன்மேல் வெள்ளிக் கண்ணாடியை மெல்லிய போர்வையாகப் போர்த்துங்கள். கறுப்பின் மேல் உலோகம் எழும் அழகே தனி, விலை உயர்ந்த குச்சியும் மிச்சமாகும். உருட்டுவது, அழுத்துவது, புள்ளி வைப்பது எல்லாவற்றையும் ஆக்சிஜன் நிறைந்த, சீறும் நீலச் சுடரிலேயே முடித்துவிட வேண்டும். பிறகு மணியைச் சுடருக்கு வெளியே எடுத்து, சிவப்பு அடங்கும்வரை சுழற்றிக்கொண்டே இருங்கள். இந்தப் பொறுமைதான் உயிர்நாடி. சிவப்பு மறைந்ததும் ஆக்சிஜனைக் குறையுங்கள். சீற்றம் அடங்கி, சுடர் நீண்டு பருத்து, நுனியில் மஞ்சள் தட்டும். அந்தச் சுடரின் தூர நுனியில் மணியைக் காட்டிச் சுழற்றுங்கள். பால் பொங்கும் நேரத்தில் அடுப்படியில் நிற்பதுபோல் கண் வேறெங்கும் போகக் கூடாது. மினுக்கு முழு வட்டம் வந்ததும் எடுத்துவிட வேண்டும். அதிகம் காட்டினால் பளபளப்பு சாம்பல் பூத்துவிடும். அப்போதும் கவலை வேண்டாம்: நீலச் சுடரில் மறுபடி காய்ச்சினால் அந்தப் படலம் கரைந்து மறையும், புதிதாகத் தொடங்கலாம். இப்படித் திருத்திக்கொள்ள இடம் கொடுக்கும் உலோக மெருகை நான் வேறு எந்தத் தொழிலிலும் பார்த்ததில்லை.

சூடான கண்ணாடியிலிருந்து எழும் சோடியத்தின் மஞ்சள் ஒளி இந்தக் கணத்தையே மறைத்துவிடும். அதனால் டிடிமியம் மூக்குக்கண்ணாடி கட்டாயம்; 589 நானோமீட்டர் ஒளியை அது விழுங்கிவிட, மணியின் தோல் தெளிவாகத் தெரியும். காற்றோட்டத்திலும் சமரசம் கூடாது, கார்பன் மோனாக்சைடு மணமே இல்லாத விஷம். முடிந்த மணி நேரே சூளைக்குப் போகவேண்டும். சுமார் 510 டிகிரி செல்சியஸில் நிறுத்தி, இரவெல்லாம் மெல்ல ஆறவிட்டால்தான் உள்ளிறுக்கம் தீரும்.

வேலைக்குப் போகும் வழியில் ஸ்ரீபெரும்புதூர் சிப்காட்டின் செயின்ட் கோபைன் ஆலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பரவசம். 2000-இல் உற்பத்தி தொடங்கிய அந்த ஆலையில், உருகிய கண்ணாடி உருகிய வெள்ளீயக் குளத்தின் மேல் மிதந்து தகடாகிறது. பிரிட்டனின் பில்கிங்டன் நிறுவனம் 1959-இல் உலகுக்கு அறிவித்த முறை அது. வெள்ளீயம் ஆக்சிஜனேற்றம் அடையாமலிருக்க அந்தக் குளத்தின் மேல் நைட்ரஜனோடு கொஞ்சம் ஹைட்ரஜனும் நிரப்புகிறார்கள். ஆக்சிஜனைத் தள்ளி வைத்தால் உலோகம் உலோகமாகவே மின்னும்! மாடியில் ஒரு குமிழைத் திருகி நான் செய்வதும் அதே வேதியியல்தான். வெயிலைத் தடுக்கும் கட்டடக் கண்ணாடிகளிலும் வெள்ளிதான் வேலை செய்கிறது. பத்து நானோமீட்டர் வாக்கில் படியவைத்த வெள்ளிப் படலம் வெப்பத்தைத் திருப்பி அனுப்புகிறது. ஒரே ஒரு வருத்தம், அந்தத் தகட்டுக் கண்ணாடியை என் மணியோடு சேர்க்க முடியாது. சூட்டில் விரியும் கணக்கில் என் குச்சி 104, ஜன்னல் கண்ணாடி 90-ஐ ஒட்டியது. சேர்த்தால் ஆறும்போது விரிசல் விடும்.

நம் கரையில் கண்ணாடி மணிக்கு என்றைக்குமே பஞ்சமில்லை. 1945-இல் மார்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டு மண் மணிகளால் நிறைந்தது. அவை குழாயாக இழுத்து நறுக்கிய மணிகள்; நிறத்தில் அழகு, உலோகமாக மின்னுவதில்லை. சுடரில் ஒவ்வொன்றாகச் சுற்றும் முறை உத்தரப்பிரதேசத்தின் புர்தில்நகரில் இன்றும் வீட்டுத் தொழில். வெள்ளியும் செம்பும் பூசி, ஆக்சிஜன் குறைந்த சூளையில் சுட்டு மெருகு வரவழைக்கும் வித்தையை எகிப்தின் கண்ணாடிக்காரர்கள் 8-ஆம் நூற்றாண்டிலேயே கண்டுவிட்டார்கள். அடுத்த நூற்றாண்டில் ஈராக்கின் மண்பாண்டக்காரர்கள் அதை உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். வெப்பமானிகூட இல்லாமல் எப்படித்தான் செய்தார்களோ, கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

கீழ்வீட்டு அக்கா ஒருநாள் மணியை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்ன தம்பி, எவர்சில்வரா?”

“கண்ணாடிக்கா.”

“அப்போ மேல பெயிண்ட் அடிச்சிருப்பே.”

“ஊக்கை எடுத்துக் கீறிப் பாருங்கக்கா.”

கீறினார். ஒன்றும் உரியவில்லை. மறுநாள் தன் மகளுக்கு ஒரு ஜோடித் தோடு கேட்டு மேலே வந்தார்.

வெள்ளி என்பதால் காற்றில் கறுக்க வாய்ப்புண்டு. அதற்கும் அருமையான வழி இருக்கிறது: மெருகு எழுந்ததும் அதன்மேல் நிறமற்ற கண்ணாடியைப் போர்த்திவிடுவது. உள்ளே சிக்கிய வெள்ளிக்கு அப்போது ஓர் ஆழம் வந்துவிடும். நீலமும் ஊதாவும் கீழிருந்து மிதந்து வருவதாகத் தோன்றும். ரோமானியர் காலத்து மத்தியதரைக்கடல் பட்டறைகளில் இரண்டு கண்ணாடி அடுக்குக்கு நடுவே வெள்ளித்தாளை வைத்து, மேலடுக்குக்குத் தேன் நிறம் கொடுத்துத் தங்கமணி போலவே செய்திருக்கிறார்கள்.

வெள்ளிக் கண்ணாடி வாங்கக் கட்டுப்படியாகாதவர்களுக்கு சௌகார்பேட்டை இருக்கிறது. இனிப்பின் மேல் ஒட்டும் வெள்ளித்தாளைத்தான் சொல்கிறேன். அலுமினியம் கலக்காத சுத்த வெள்ளியாகப் பார்த்து வாங்கி, தந்த நிறக் கண்ணாடி மணியை அதன்மேல் சூடாக உருட்டுங்கள். தாள் ஒட்டிக்கொண்டதும் நீலச் சுடரில் காய்ச்சினால், வெள்ளி கண்ணாடியோடு கலந்து பழுப்பு நரம்புகளும் கருங்கோடுகளுமாக ஓடத் தொடங்கும். பிறகு ஆக்சிஜனைக் குறைத்துச் சில விநாடி காட்டுங்கள். அந்த நரம்புகளுக்கு நடுவே ஆங்காங்கே உலோகம் கண் திறக்கும். குச்சி வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிவிடலாம்.